செல்ஃப் அடித்தால் 'டக்', கையை விட்டால் ஆட்டம்: ரெட்ரோ க்ரூஸரின் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

நீர்த்துளி மாதிரி டேங்க், உருண்டை ஹெட்லைட், கம்பி போட்ட சக்கரம், நீண்டு கிடக்கும் சைலன்சர். ரெட்ரோ க்ரூஸர் பைக்கைப் பார்த்தால் தாத்தா காலத்து வண்டி என்றுதான் தோன்றும். டேங்கைக் கழற்றிப் பார்த்தால் கதை வேறு. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், வண்டி சாய்ந்து விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சென்சார் என்று இந்தக் காலத்துச் சாமான்கள் எல்லாம் உள்ளே இருக்கும்.

அதனால் இந்த வண்டிக்குக் கோளாறு இரண்டு வழியாக வரும். ஒன்று பழைய வழி. பெரிய பிஸ்டனின் அதிர்வில் போல்ட் தளரும், ஒயர் உரசும், ஸ்போக்ஸ் லூசாகும், காற்றில் குளிர வேண்டிய இன்ஜின் நெரிசலில் கொதிக்கும். இன்னொன்று புது வழி. ஏதோ ஒரு சின்ன சுவிட்சுக்குள் தண்ணீர் போயிருக்கும், முழு வண்டியும் நின்றுவிடும். எதில் கை வைப்பதற்கு முன்னாலும் 'இது எந்த வழி?' என்று கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நான் வருஷக்கணக்கில் ஓட்டிப் பார்த்ததில், இன்ஜினுக்குள்ளேயே கோளாறு இருந்தது மிக அபூர்வம். பெரும்பாலும் தளர்ந்த ஒரு நட்டு, துருப்பிடித்த ஒரு முனை, காற்று குறைந்த ஒரு டயர். ஆகவே நான் போகும் வரிசை இதுதான்: கை எட்டும் இடம் முதலில், ஸ்பேனர் தேவைப்படும் இடம் அப்புறம், இன்ஜினைப் பிரிப்பது கடைசியில். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக், ஏர் ஃபில்டர், கேபிள் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால் வண்டி சரியாகும், எதனால் சரியானது என்று தெரியாமல் போகும்.

கீழே வரும் அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பிடியுங்கள்.

செல்ஃப் அடித்தால் 'டக்' என்று மட்டும் கேட்கிறது

சத்தத்தைக் கவனியுங்கள். 'டகடகடக' என்று தொடர்ந்து அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு 'டக்' அடித்து அடங்கினால், டெர்மினல் ஒழுங்காக இருக்கும் பட்சத்தில், ஸ்டார்ட்டர் ரிலே அல்லது மோட்டார். சத்தமே இல்லையென்றால் முதலில் இன்ஜினை அணைக்கும் கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட், நியூட்ரல் விளக்கு, கிளட்ச் லீவர். சைடு ஸ்டாண்ட் இறங்கியிருக்க, கியரும் விழுந்திருக்க, செல்ஃபை அழுத்தி அழுத்திப் பார்ப்பது எல்லோருக்கும் நடப்பதுதான்.

ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வண்டிக்கு அதைவிடப் பயனுள்ள கருவி வேறில்லை. இரவு முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போய்விட்டால் கிட்டத்தட்டக் காலி. செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 10 வோல்டுக்கும் கீழே சரிந்தால், நின்றபோது 12.6 காட்டியிருந்தாலும் அந்தப் பேட்டரியை நம்பாதீர்கள். பெரிய பிஸ்டனை அழுத்தித் தள்ள மோட்டாருக்கு நிறைய கரண்ட் வேண்டும், சோர்ந்த பேட்டரி அந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது சார்ஜிங். இன்ஜினை ஓடவிட்டு ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுங்கள். பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.7 வோல்ட் வரை வர வேண்டும். 12-லேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது, ஓட்டாதீர்கள்.

என் வண்டியில் ஒருமுறை இதே 'டகடக'. ஒரு மெக்கானிக் பேட்டரியை மாற்றச் சொன்னார், மாற்றினேன். பத்து நாளில் மறுபடியும் அதே சத்தம். அடுத்து சார்ஜிங் காயில் என்றார். அன்று இரவு டார்ச் அடித்து நெகட்டிவ் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது சேஸிஸில் ஒரு போல்டுக்கு அடியில் முடிகிறது. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினால், ஒயரின் வளையத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவே பெயின்ட் ஒரு படலம், அதன் மேல் பச்சை பூத்த ஒரு வட்டம். உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். முதல் அழுத்தலிலேயே இன்ஜின் பிடித்தது. அன்றிலிருந்து எந்த மின் கோளாறு என்றாலும் நான் முதலில் போவது எர்த் முனைக்குத்தான். இறுகியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தால் போதாது, கழற்றிப் பாருங்கள்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

இன்ஜெக்ஷன் வண்டி என்றால் சாவியைப் போட்டுக் காதைக் கொடுங்கள். டேங்குக்குள் இரண்டு மூன்று நொடி 'ஊஊ' என்று பம்ப் ஓடி நிற்க வேண்டும். கேட்கவில்லையென்றால் கில் சுவிட்ச், அப்புறம் பம்பின் ஃப்யூஸ், அப்புறம் அதன் ரிலே. வண்டி எங்காவது சாய்ந்து விழுந்திருந்தால் சாவியை அணைத்து, நிமிர்த்தி, மறுபடி போடுங்கள். சாய்வு சென்சார் பூட்டியிருந்தால் பல வண்டிகளில் இது ஒன்றே போதும். பம்ப் ஓடும் சத்தம் அடங்குமுன் செல்ஃபை அழுத்தும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் காக், சோக், அப்புறம் பிளக். பிளக்கைக் கழற்றி முனையைப் பாருங்கள். காய்ந்த பழுப்பு என்றால் நல்ல நிலை. கரிப்பொடி போலக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி விழவில்லை, அல்லது ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி நீங்களே நனைத்துவிட்டீர்கள். காய வைத்து, சோக் போடாமல், ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள்.

கியர் போட்டதும் ஆஃப் ஆகிறது

சைடு ஸ்டாண்ட் சுவிட்ச். வேறு எதையும் முதலில் தேடாதீர்கள். அது தரையை ஒட்டி இருக்கிறது, சேறும் செயின் கிரீஸும் அதில்தான் போய் அப்பும். துணியால் துடைத்து, ஸ்டாண்டைப் பத்து முறை ஏற்றி இறக்கி, மறுபடி முயன்று பாருங்கள். ஸ்டாண்ட் ஸ்பிரிங் தளர்ந்து முழுதாக மேலே போகாமல் இருந்தாலும் இதே அறிகுறிதான். அது ஓடும்போது இறங்கி வளைவில் தரையில் குத்தும் ஆபத்தும் உண்டு, ஆகவே ஸ்பிரிங்கை உடனே மாற்றுங்கள்.

ஹேண்டிலைத் திருப்பினால் ஆஃப், நேராக்கினால் ஆன்

இது இந்த வகை வண்டிக்கே உரிய கோளாறு. பழைய அழகு கெடக் கூடாது என்று பல வண்டிகளில் ஒயர் இணைப்புகளை எல்லாம் ஹெட்லைட் கிண்ணத்துக்குள் திணித்து வைத்திருப்பார்கள். அங்கிருந்து ஒயர்கட்டு ஹேண்டிலின் கழுத்தைச் சுற்றி டேங்குக்கு அடியில் போகிறது. ஒவ்வொரு முறை ஹேண்டில் திரும்பும்போதும் அது கழுத்தில் உரசும். மேலுறை நன்றாக இருக்கும், உள்ளே ஒரு ஒயர் மட்டும் அறுந்து ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்.

இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு, ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிக்கொண்டே ஒயர்கட்டை விரலால் அங்கங்கே மெதுவாக அசையுங்கள். எந்த இடத்தில் இன்ஜின் திணறுகிறதோ அங்கே இருக்கிறது கோளாறு. அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிட்டுப் போகாதீர்கள், அதிர்வில் ஒரு மாதம் தாங்காது. சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, ஒயர்கட்டை உரசாத வழியில் தளர்வாகத் திருப்பி விடுங்கள். ஹேண்டிலை உயரமானதாக மாற்றியவர்கள் இதை முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். நீளம் பற்றாமல் விறைத்து நிற்கும் ஒயரும் கிளட்ச் கேபிளும் நடுவழியில் காலை வாரும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி திணறி நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்து ஓடுகிறது

நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டு, வண்டியும் உடனே கிளம்பினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வராமல் உள்ளே வெற்றிடமாகிவிடும். டேங்க் கவர், காந்தம் வைத்த பை எல்லாம் மூடியை அடைக்கும், அதையும் கவனியுங்கள்.

சத்தம் எதுவும் இல்லை, இன்ஜின் ஆறினால்தான் கிளம்புகிறது என்றால் இக்னிஷன் காயில் அல்லது பொறி விழும் நேரத்தைச் சொல்லும் பல்சர் காயில் மேல் சந்தேகம். இவை சூட்டில் செத்து, ஆறினால் உயிர் பெறும். வீட்டுக்கு வந்து சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். அதனால் நின்ற இடத்திலேயே, சூட்டோடு சூடாக, பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு ஸ்பேர் பிளக் கிட்டில் இருந்தால் இது ஐந்து நிமிஷ வேலை. பிளக் ஒயரின் தொப்பியை உருவி ஸ்பேர் பிளக்கில் மாட்டி, பிளக்கின் உலோகத்தை இன்ஜினில் அழுத்தி வைத்து, செல்ஃப் அடித்துப் பாருங்கள். இன்ஜினில் இருக்கும் பிளக்கைக் கழற்ற வேண்டாம். துளை வழியே வரும் பெட்ரோல் ஆவி பொறியில் பற்றிக்கொள்ளும்.

ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் 'பட் பட்'

லேசாக எப்போதாவது என்றால் கவலை வேண்டாம். புதிதாகத் தொடங்கியிருந்தால் இன்ஜினும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கேஸ்கெட் தேய்ந்தோ நட்டு தளர்ந்தோ காற்று உள்ளே இழுக்கப்பட்டால், எரியாமல் வந்த பெட்ரோல் பைப்புக்குள்ளேயே வெடிக்கும். மூட்டைச் சுற்றிக் கறுப்பாகப் புகை பூசிய தடம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது இறுக்குங்கள், சூட்டில் ஸ்டட் முறியும்.

சத்தத்துக்காக சைலன்சரை மாற்றிய பிறகு 'பட் பட்' வந்திருந்தால் காரணம் வேறு. காற்றின் ஓட்டம் மாறிவிட்டது, பெட்ரோலின் அளவு பழையபடியே இருக்கிறது. பைப் நீலம் பாய்வதும், ஸ்லோ நிற்காததும், இன்ஜின் சூடு கூடுவதும் இதோடு சேர்ந்தே வரும். என் கருத்தைச் சொல்கிறேன்: கம்பெனி சைலன்சரைக் கழற்றாதீர்கள். அந்த வண்டியின் ஆழமான 'டுக் டுக்' அதற்கே உரியது, கூட்டிக் காட்டத் தேவையில்லை.

இன்ஜினில் புதுச் சத்தம்

மேட்டில் டாப் கியரில் மெதுவாக ஏறும்போது 'கிண் கிண்' என்று கண்ணாடிக் குண்டு உருளுவது போல் கேட்டால், அது பெரும்பாலும் ஓட்டும் முறையால் வருவது. நீண்ட ஸ்ட்ரோக் இன்ஜின் கீழ் ஆர்பிஎம்மில் நல்ல இழுவை கொடுக்கும். அந்த நம்பிக்கையில் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் கலவை நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கிறது. பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் அது நல்லதல்ல. இன்ஜின் திணறுவதற்கு முன்பே ஒரு கியர் இறக்குங்கள். கியரை இறக்கியும் போகவில்லையென்றால் உள்ளே கரி படிந்திருக்கலாம், பெட்ரோல் தரம் குறைந்திருக்கலாம்.

சிலிண்டர் தலையிலிருந்து சீராக 'டிக் டிக்' என்றால் வால்வு இடைவெளி கூடியிருக்கிறது. இன்ஜின் முழுக்கக் குளிர்ந்த பிறகு அளந்து சரிசெய்ய வேண்டும். இடைவெளியை ஆயில் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பெட் உள்ள இன்ஜினில் இந்த வேலையே கிடையாது. குளிர்ந்து நின்ற வண்டியைக் கிளப்பியதும் சில நொடி 'டிக் டிக்' கேட்டு, ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். இதில் பலர் தவறவிடும் ஒன்று உண்டு. சத்தம் போடும் வால்வைவிடச் சத்தம் போடாத வால்வுதான் ஆபத்து. இடைவெளி குறைந்து வால்வு முழுதாக மூடாமல் போனால் இன்ஜின் அமைதியாகவே ஓடும், ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு கருகிக்கொண்டிருக்கும். முன்னால் இருந்த மெல்லிய சத்தம் தானாக மறைந்து, ஸ்டார்ட் ஆவதும் சிரமமானால் உடனே அளக்கச் சொல்லுங்கள்.

அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக, ஆக்ஸிலேட்டரோடு சேர்ந்து கூடும் சத்தம் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஓட்டிக்கொண்டு போகாமல் வண்டியை ஏற்றிக்கொண்டு போங்கள். ஆயில் விளக்கு எரிந்தாலும் இதேதான்.

ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது. முதலில் லீவர். முனையில் 10 முதல் 15 மி.மீ. வரை இழுவை இல்லாமல் ஆட வேண்டும். துளியும் ஆட்டம் இல்லையென்றால் கேபிள் எப்போதும் கிளட்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தபடி இருக்கிறது, தட்டுகள் தேய்கின்றன. அட்ஜஸ்டரைத் திருப்பினால் சரியாகிவிடும்.

கேபிள் சரி என்றால், கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள்? பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகிறது. காருக்கான ஆயிலில் உராய்வைக் குறைக்கும் ரசாயனம் கலந்திருக்கும், கிளட்ச் தட்டு அதில் வழுக்கும். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று, ஆயிலில் மூழ்கிய கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான தரக்குறி இருக்கிறதா பாருங்கள்.

இதற்கு நேர்மாறானது, நின்ற இடத்தில் நியூட்ரல் விழாமல் படுத்துவது. லீவரில் ஆட்டம் அளவுக்கு மீறி இருந்தால் கிளட்ச் முழுக்க விடுபடாது. நிற்பதற்குச் சற்று முன், சக்கரம் உருளும்போதே நியூட்ரல் போடப் பழகினால் கைக்கும் கியருக்கும் நல்லது.

பின்னாலிருந்து 'டர்ர் டர்ர்', இழுப்பில் குலுங்கல்

செயின். நடுப்பகுதியில் மேலும் கீழும் 25 முதல் 35 மி.மீ. ஆட்டம் என்பது பொதுவான அளவு. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கிவிட்டால் இறுக்கமான இடம் வரும்போதெல்லாம் கியர்பாக்ஸின் பேரிங்கைச் செயின் பிடித்து இழுக்கும். மிக இறுக்கமான செயினைவிடச் சற்றுத் தளர்ந்த செயின் மேல். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினை விரலால் பின்னுக்கு இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பெல்ட் வண்டியில் கீச்சொலி என்றால் தூசி அல்லது சிறு கல். ஷாஃப்ட் வண்டியில் பின்பக்க ஆயிலைப் பாருங்கள். அவ்வளவுதான்.

வண்டி ஆடுகிறது

இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். உயிரோடு விளையாடும் அறிகுறி இது. க்ரூஸர் நீளமானது, கனமானது, முன் ஃபோர்க் சாய்ந்து நிற்பது. நேரான சாலையில் கல் போல் நிற்க வேண்டிய வண்டி ஆடினால் காரணம் கட்டாயம் இருக்கும்.

எது ஆடுகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ஹேண்டில் மட்டும் விரைவாக நடுங்குகிறதா, அல்லது முழு வண்டியும் மீன் நெளிவது போல் மெதுவாக நெளிகிறதா? வேகம் குறைந்து வரும்போது ஹேண்டில் நடுங்கினால் முன் டயர், முன் ஸ்போக்ஸ், ஹேண்டில் கழுத்தின் பேரிங்கான கோன்செட். வேகம் கூடும்போது வண்டி நெளிந்தால் பின் டயரின் காற்று, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ், பின்னால் ஏற்றிய சுமை.

எல்லாவற்றுக்கும் முன்னால் காற்று. டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும், ஓட்டி வந்ததும் அளந்தால் கூடுதலாகக் காட்டும்.

அப்புறம் கோன்செட். முன் சக்கரம் தரையில் படாதபடி நிறுத்தி, ஃபோர்க்கின் அடியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். கழுத்தில் 'கொடக்' என்று ஆடினால் தளர்ந்திருக்கிறது. இப்போது ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் குழியில் விழுவது போல் தானாகப் பிடித்து நின்றால் பால்ஸ் பள்ளம் போட்டுவிட்டது. இறுக்கிப் பயனில்லை, மாற்ற வேண்டும்.

ஸ்போக்ஸைச் சோதிக்கக் கருவி வேண்டாம், காது போதும். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் லேசாகத் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். இறுக்கமான கம்பி 'டிங்' என்று மணி போல் பாடும். தளர்ந்தது 'டப்' என்று அடங்கிப் போகும். நான் மாதம் ஒருமுறை காலையில் சத்தமில்லாத நேரத்தில் தட்டுவேன். டிங், டிங், டிங், டப்: அந்த ஒன்று தனியாகக் கேட்கும். ஒன்றிரண்டு என்றால் கால் திருகு இறுக்கலாம். அரை வட்டத்துக்கு 'டப்' கேட்டால் ரிம் பெண்ட் எடுப்பவரிடம் சக்கரத்தைக் கொடுங்கள், நாமே இறுக்கினால் ரிம் கோணிவிடும்.

கம்பிச் சக்கரம் பெரும்பாலும் டியூப் டயர்தான். ஆணி குத்தினால் காற்று சட்டென்று இறங்கிவிடலாம். ஓடும்போது பின்பக்கம் திடீரென்று வழுக்குவது போல் இருந்தால் பிரேக்கைப் பிடிக்காமல், ஆக்ஸிலேட்டரை மெதுவாக விட்டு, நேராகவே ஓரங்கட்டுங்கள். பஞ்சரான டியூபில் உருட்டிக்கொண்டே போனால் வால்வின் அடியில் கிழியும். வால்வு நேராக இல்லாமல் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால், ரிம்மின் மேல் டயர் நகர்ந்திருக்கிறது, காற்று குறைவாக ஓடியதன் அடையாளம் அது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே நெளிவு தொடங்கினால் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கத்தான் கை போகும். செய்யாதீர்கள், இறுக்கப் பிடித்தால் ஆட்டம் கூடும். முழங்காலால் டேங்கைப் பற்றி, உடம்பை முன்னால் சாய்த்து, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். திடீர் பிரேக் வேண்டாம். பின் கேரியருக்கும் பின்னால் தொங்கும் கனமான பெட்டியைக் கழற்றியதும் மாயமாக நின்றுபோன ஆட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். கனமானவற்றைப் பின் அச்சுக்கு முன்னால், தாழ்வாகக் கட்டுங்கள்.

பிரேக் லீவர் மெத்தென்று போகிறது

லைனில் காற்று, அல்லது பழைய பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மலையிறக்கத்தில் சூடாகும்போது அந்த ஈரம் ஆவியாகி லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், நிறம் நன்றாக இருந்தாலும். பிரேக் ஆயில் மூடியில் டாட் 4 என்று தரம் குறித்திருந்தால் அதையே ஊற்றுங்கள்.

பேட் புதிது, லீவர் கல் போல் இருக்கிறது, ஆனாலும் வண்டி நிற்கவில்லையா? டிஸ்கில் ஆயில் பட்டிருக்கும், செயின் ஸ்பிரே அடித்த கையோடு நடப்பது இது. க்ரூஸரில் எடை பின்னால் அதிகம், மற்ற பைக்குகளைவிடப் பின் பிரேக் இங்கே அதிகம் உதவும். முன் பிரேக் மட்டும் போதும் என்று ஓட்டிவிட்டு நிற்கவில்லை என்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பார்க்கட்டும்.

கீழே ஆயில் சொட்டு

வடிந்த இடத்தைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். ஓடும் காற்று ஆயிலைப் பின்னுக்குத் தள்ளும், ஈர்ப்பு கீழே இழுக்கும். கசியும் இடம் எப்போதும் பார்க்கும் இடத்துக்கு மேலேயும் முன்னாலும்தான். இன்ஜினைத் துடைத்துக் காய வைத்து, டால்கம் பவுடரைத் தூவி, பத்து நிமிஷம் மெதுவாக ஓட்டிவிட்டு வாருங்கள். பவுடரில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கே கசிவு. பெரும்பாலும் ஆயிலை வடிக்கும் ட்ரெய்ன் போல்டின் பழைய வாஷர் அல்லது ராக்கர் கவர் கேஸ்கெட்.

ஏர் ஃபில்டர் பெட்டியில் ஆயில் என்றால் பெரும்பாலும் நீங்கள் அதிகமாக ஊற்றியிருக்கிறீர்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வண்டியில் அளவு பார்த்தால் இப்படித்தான் ஆகும். வண்டியை நிமிர்த்தி, இன்ஜினைச் சூடாக்கி அணைத்து, சில நிமிஷம் விட்டுப் பாருங்கள்.

ஆயில் மூடியின் அடியில் வெள்ளையாகக் குழம்பு போல் இருந்தால் பயப்பட வேண்டாம். குட்டிக் குட்டிப் பயணமாக ஓட்டினால் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராமல் உள்ளே ஈரம் தங்கிவிடும். அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் ஆவியாகிவிடும். சைலன்சரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வெள்ளை என்றால் வெறும் நீராவி.

வண்டியில் ஒன்றுமில்லை, உடம்பில்தான் வலி

இதையும் கோளாறாகவே எடுத்துக்கொள்ளுங்கள். விரல் மரத்துப்போனால் ஹேண்டிலின் ஓர எடைகள், இன்ஜினைப் பிடிக்கும் போல்டுகள் தளர்ந்திருக்கின்றனவா பாருங்கள், பிடியையும் தளர்த்துங்கள். க்ரூஸரில் கால் முன்னால் நீட்டியிருக்கும், உடம்பின் எடை முழுக்க இடுப்பெலும்பில் இறங்கும், ஒவ்வொரு பள்ளமும் நேராக முதுகுக்குப் போகும். பின் ஷாக்கின் ஸ்பிரிங்கை உங்கள் எடைக்கேற்ப வையுங்கள். தனியாக ஓட்டுபவருக்கு ஒரு படி, பின்னால் ஆள் ஏறினால் இன்னும் ஒரு படி. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நில்லுங்கள்.

பல வாரம் நின்ற வண்டி

கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் பசையாகி, ஸ்லோவில் பெட்ரோல் விடும், ஊசி முனை அளவே உள்ள பைலட் ஜெட்டை அடைக்கும். சோக் போட்டால் ஓடும், எடுத்தால் நிற்கும். நிறுத்தும்போதே கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட்டால் இந்த வேலை மிச்சம். இரும்பு டேங்கை நிறைத்து வைத்தால் உள்ளே துரு பிடிக்க இடமிருக்காது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள்.

மறுபடி எடுக்கும் நாளில் முதலில் டயரின் காற்று, அப்புறம் பிரேக்கைப் பிடித்து, விட்டு, வண்டியைத் தள்ளி சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறதா என்று பார்ப்பது, அப்புறம் கிளட்ச். லீவரைப் பிடித்துக் கியர் போட்டும் வண்டி உருளவில்லையென்றால் தட்டுகள் ஒட்டியிருக்கின்றன. அந்தக் கியரிலேயே லீவரைப் பிடித்தபடி முன்னும் பின்னும் தள்ளினால் விடும். கிளப்பியதும் ஆக்ஸிலேட்டரை முறுக்காமல், ஆயில் மேலே ஏறும்வரை ஒரு நிமிஷம் ஸ்லோவிலேயே விடுங்கள். முதல் பத்து கிலோமீட்டர் மெதுவாகப் போய், நிறுத்தி, இரண்டு டயரையும் இன்ஜின் அடியையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத் தொடருங்கள்.